அத்தை சொன்ன அமெரிக்கக்காரி

அப்போது நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். அப்பாவின் தங்கையும் எங்களோடுதான் இருந்தாள். ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு, எப்போதோ செத்துப்போன ஓர் அமெரிக்க எழுத்தாளரைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முப்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகாத பெண்ணுக்கு அது ஒரு வியாதி என்பது அப்பாவின் எண்ணம்.

எனக்கோ அந்த அமெரிக்கக்காரி வீட்டு மனுஷி மாதிரி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நடந்து வரும்போது அத்தை அவள் கதையைத்தான் சொல்வாள். எழுதக் கூடாது என்ற புருஷனை விட்டுவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு ரயிலேறிப் போனவள் அவள். ஒரு மாடியறையில் தனியாக இருந்து எழுதினாள். ஊரே முகங்கொடுத்துப் பேசாதபோதும் திரும்பிப் போகவில்லை. இந்த இடம் வந்தால் அத்தையின் நடை வேகமாகிவிடும். நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

முதலில் பெண் பார்க்க வந்தவர்களிடமும் இதை அப்படியே சொன்னாள். அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மறுவாரம் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. "உன்னாலதான்" என்று யாரும் அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லாமலே அது வீடு முழுக்க இருந்தது.

அடுத்து கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர்; இரண்டு குழந்தைகள். அவருடைய அம்மாதான் பேசினார்.

"என்னமோ ஆராய்ச்சி பண்றியாமே, யாரும்மா அது?"

அப்பா தரையைப் பார்த்தார்.

"அமெரிக்காவுல ஒரு அம்மா" என்றாள் அத்தை. "ரெண்டாந்தாரமா வாக்கப்பட்டவங்க. மூத்தாள் பிள்ளைங்களைத் தன் பிள்ளைங்களா வளர்த்தாங்க. வீட்டு வேலையெல்லாம் முடிஞ்சு நேரம் இருந்தா எழுதுவாங்க."

"பாத்தியாடா, வெள்ளைக்காரிங்கள்லயும் எவ்ளோ நல்லவங்க இருக்காங்க!" என்றார் அந்த அம்மாள் மகனிடம். அன்றே கல்யாணத் தேதி பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனதும் அப்பா வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார். அத்தை கிணற்றடியில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள்.

"ஏன் அத்தை பொய் சொன்னே?"

"பொய் இல்லம்மா. இது வேற ஒருத்தங்க."

"அவங்க என்ன புக் எழுதினாங்க?"

அத்தை சற்று யோசித்தாள். "எழுதல. நேரம் கிடைக்கல போல."

அமெரிக்காவில் அப்படி இரண்டு பேர் இருந்தார்கள் என்றே நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டாமவளைப் பற்றி அத்தையிடம் மேற்கொண்டு எதுவும் கேட்டதில்லை. புத்தகமே எழுதாதவளின் கதையில் எனக்கு என்ன சுவாரஸ்யம்.