கன்னி மூலைச் சுவர்

எங்கள் வீட்டில் கன்னி மூலை காலியாக இருக்கக் கூடாது. அந்தத் தென்மேற்கு மூலையில் எப்போதும் நெல் மூட்டை அடுக்கியிருக்க வேண்டும். புது நெல் வந்து இறங்கிய பிறகுதான் பழைய மூட்டையை நகர்த்துவார்கள், அப்போதும் சுவரோரத்து அடி மூட்டைகளைத் தொட மாட்டார்கள். பொங்கலுக்கு வீடு முழுக்க வெள்ளையடித்தாலும் அந்த மூலைச் சுவருக்கு மட்டும் விலக்கு. இது என் மாமனார் வைத்த சட்டம். உத்திரமேரூர் ஏரித் தண்ணீரில் காலமெல்லாம் நெல் விளைவித்த மனுஷர். நெல் விஷயத்தில் அவரிடம், வாய் நீளமான நானே வாய் திறந்ததில்லை.

அந்த அறையில்தான் நானும் மகளும் படுப்போம். நாலாவது படிக்கும்போது அவளுக்கு இழுப்பு வந்தது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, தோள் ஏறி இறங்க மூச்சுக்குப் போராடுவாள். டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, வீட்டில் ஈரம், தூசி இருக்கிறதா பாருங்கள் என்றார். தினமும் பெருக்கித் துடைக்கிறவளிடம் இப்படிக் கேட்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் எல்லாரும் சேர்ந்து தயிரின் மேல் பழியைப் போட்டோம். தயிர் நின்றது, வாழைப்பழம் நின்றது, தலைக்குக் குளிப்பது குறைந்தது. இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

கோடை விடுமுறைக்குப் பழையசீவரத்தில் என் அம்மா வீட்டுக்குப் போனோம். அங்கே என் கண்ணுக்கு மறைவாகத் தயிர் சாதம் தின்றாள், குச்சி ஐஸ் தின்றாள், மலைக்கோயில் படிகளில் ஓடினாள். ஒரு நாள்கூட இழுக்கவில்லை. வீடு திரும்பி அதே அறையில் படுத்தோம், மறுநாளே இழுப்பு. எனக்குச் சுருக்கென்றது. குற்றவாளி சாப்பாட்டுத் தட்டில் இல்லை, அறைக்குள் இருக்கிறான்.

மாமனார் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து, மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு நானும் கணவரும் மூட்டைகளை இழுத்துப் போட்டோம். பின்னால் என் தோள் உயரத்துக்குக் கருப்பும் பச்சையுமாகப் பூசணம். அடி மூட்டையின் சாக்கு தொட்டதும் கிழிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் துவைக்கிற கல். துணி துவைத்த தண்ணீரெல்லாம் சுவரடியிலேயே இறங்கியிருக்கிறது.

மாமனார் திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா பண்ணிக்கினு கீறே? மூலைய காலி பண்ணிட்டா வூட்ல லட்சுமி தங்குவாளா?"

"இந்த நாத்தத்துல எந்த லட்சுமி மாமா தங்குவா? உங்க பேத்தி மூச்ச இந்தச் செவுருதான் புடிச்சிக்கினு கீது. கிட்ட வந்து பாருங்க."

வந்தார். சுவரைவிட அந்த அடி மூட்டைதான் அவர் கண்ணில் பட்டது. கட்டி தட்டிக் கறுத்துப்போன நெல்லைக் கையில் எடுத்தார், முகர்ந்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நெல்லே மூச்சு முட்டிச் செத்துப் போய்க் கீது. கொயந்த இன்னா பண்ணும்?"

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அன்றைக்கே கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

துவைக்கிற கல் தோட்டத்துக்குப் போனது. ஊறிய பூச்சைக் கொத்தி எடுத்து, சுவரை நன்றாகக் காயவிட்டுப் புதிதாகப் பூசினோம். மூட்டைகளுக்குப் பின்னால் மறைந்திருந்த ஜன்னலைத் திறந்தோம். வேலை முடியும்வரை மகள் அந்த அறைப் பக்கமே வரவில்லை. மூலை காலியாக இருக்கக் கூடாது என்பதில் மட்டும் மாமனார் அசையவில்லை. சரி என்று ஒரு பித்தளைப் படி நிறைய நெல்லை முக்காலியில் வைத்தேன், சுவரை ஒட்டாமல். மூட்டைகள் கூடத்தில் பலகை மேல் ஏறின.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியேறும் கலங்கலில் வழிந்தது. அவளுக்கு ஆகாத காலம் அதுதான். டாக்டர் சொன்னபடி இன்ஹேலர் தொடர்ந்தது. விடியலில் விழித்துக்கொண்டு காதைத் தீட்டிக் கேட்பேன். தூங்குகிற குழந்தையின் மூச்சு, அவ்வளவுதான். மழை விட்ட பிறகும் அவளுக்கு இழுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று கணவரிடம் வாய்விட்டே சொன்னேன்.

கலங்கலைப் பார்க்கத் தனியாகப் போகாதே என்று ஒரு நாள் மகளைத் தடுத்தேன். வாசலில் நின்று, நடுவில் மூச்சு வாங்கக்கூட எங்கேயும் நிறுத்தாமல், தெருவே வேடிக்கை பார்க்க என்னைத் திட்டித் தீர்த்தாள். வேறு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

"இன்னும் திட்டுடி" என்றேன்.