செருப்பு இருக்கிற பக்கம்

எங்கட மண்டபத்துக்குள்ள செருப்போட ஒருத்தரும் வரேலாது. வெளிநாட்டில இருக்கிற எங்கட பிள்ளையள் காசு அனுப்பி மாபிள் போட்ட நிலம் அது. முன்வாசலில கழட்டிப்போட்டுத்தான் ஏறவேணும். நிகழ்ச்சி நாளில வாசல்படி தெரியாது, செருப்புத்தான் தெரியும். முந்நூறு சனம் வந்தால் அறுநூறு செருப்பு. அதுக்கு மேலால மிதிச்சு, தடக்குப்பட்டு, சிரிச்சுக்கொண்டு உள்ளுக்கு வருவினம். அதை ஒரு குறையா நாங்கள் ஒருநாளும் நினைச்சதில்லை.

நான் அந்த மண்டபத்தின்ர தையல்காரி. சம்பளம் கிம்பளம் இல்லை, ஒரு உரிமையில செய்யிறது. கூத்துக்கு உடுப்பு, மேடைக்குத் திரை எல்லாம் என்ர மெஷினில தைச்சது. பாக்க வாற எழுவைதீவுச் சனம் திரும்பிப் போகக் கடைசி வள்ளத்தைப் பிடிக்கவேணும் எண்டபடியால் எங்கட கூத்து மத்தியானம் சாப்பிட்ட கையோட துவங்கும். பட்டப்பகலில மேடை லைற் எடுபடாது. அதால ஜன்னலுக்கும் வேப்பமரப் பக்கத்தில இருக்கிற ரெட்டைக் கதவுக்கும் நான்தான் திரை தைச்சு மூடினனான். கறுப்புத் துணி, அதுக்கு மேல பளபளக்கிற சிவப்பில சுருக்கு. வீடியோவில கதவு தெரிஞ்சால் வடிவில்லை பாருங்கோ. கனடாவில இருந்து பாத்த ஆக்கள் திரை ஆர் தைச்சது எண்டு கேட்டவையாம் எண்டு ஆரும் வந்து சொன்னால் எனக்கு அண்டைக்குச் சோறு தேவையில்லை.

என்ர தங்கச்சி கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடுறவ. சண்டைக்காலத்தில செல் குண்டு விழுந்து அவவுக்கு இடுப்புக்குக் கீழ இயக்கமில்லாமல் போச்சு. சில்லுக் கதிரையிலதான் திரியிறா. ஆனால் குரல் எண்டால் மைக் வேண்டாம், சந்தியில நிண்டு கேக்கலாம். பாட்டுக்காரர் இருக்கிறது மேடைக்குப் பக்கத்தில. முன்வாசலுக்கு ஆகத் தூரம் அந்த இடம்தான்.

போன வருசம் ஒத்திகை நடக்கேக்க அவ போனைப் பாத்துக்கொண்டிருந்தா. எங்கயோ ஒரு நாட்டில பாட்டுக் கச்சேரி நடந்த மண்டபம் எரிஞ்சு, சனம் ஒரே வாசலில நெரிபட்டுச் செத்துப்போன செய்தி. போனை மடியில வைச்சிட்டு என்னைக் கேட்டா.

"அக்கா, இஞ்ச இப்பிடி ஒண்டு நடந்தால் நான் எதால வெளிய போறது?"

நான் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டு நிண்டனான். ஆராவது தூக்கிக்கொண்டு போவாங்கள்தானே எண்டு யோசிக்காமல் சொல்லிப்போட்டன்.

"தூக்கிறவன் முதல் தன்ர செருப்பைத் தேடுவான்."

நான் சிரிச்சனான். அவ சிரிக்கேல்லை. தான் போறதுக்கு ஒரு வழி காட்டும் மட்டும் பாட வரமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வீட்டை போயிட்டா. பிடிவாதத்தில அவதான் எனக்கு அக்கா. அவ இல்லாட்டிக் கூத்தும் இல்லை, அதைக்கூட விடுங்கோ. இவ்வளவு வருசமா அவ வீட்டைவிட்டு வெளிக்கிட்டு நாலு பேரோட இருந்து சிரிக்கிற இடம் அந்த மண்டபம் ஒண்டுதான். அதையும் நான் என்ர வாயால அடைச்சுப்போட்டன். ரெண்டு கிழமையா எனக்கு ஒரு வேலையும் ஓடேல்லை. மெஷினுக்கு முன்னால இருந்து என்னை நானே திட்டிப் பேசிக்கொண்டிருந்தன்.

பேந்து கோவம் வந்துது. எனக்குக் கோவம் வந்தால் நல்ல விசயமும் நடக்கும். மண்டபத் தலைவரிட்டப் போனன். இளைப்பாறின பள்ளிக்கூட அதிபர், நல்ல மனுசன். ஆனால் பெரிசாச் சிரிச்சார். சீமெந்துக் கட்டடத்தில எரியிறதுக்கு என்ன பிள்ளை கிடக்கு எண்டு கேட்டார். திரை தைச்ச மிச்சத்தில ஒரு துண்டு கொண்டுபோனனான். அதை அவற்ற முற்றத்தில போட்டு நெருப்புக்குச்சி தட்டினன். துணி சுருண்டு, உருகி, எரிஞ்சு எரிஞ்சு சொட்டாய் விழுந்துது. கறுப்புப் புகை எழும்பி அவர் இருமத் துவங்கிட்டார்.

"ஐயா, உங்கட தலைக்கு மேல இதைத்தான் நாப்பது யார் தொங்கவிட்டிருக்கிறன்," எண்டன்.

மனுசன் சிரிப்பை நிப்பாட்டிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு வந்த அறுபது பேரை வைச்சு ஒரு பரீட்சை செய்து பாத்தம். விசில் அடிச்ச உடன கிட்ட இருக்கிற கதவால வெளிய போகவேணும் எண்டு ரெண்டுதரம் விளங்கப்படுத்தினன். ஓம் ஓம் எண்டு தலையாட்டிச்சினம். விசில் அடிச்சன். அறுபது பேரும் ஓடினது முன்வாசலுக்கு! அங்க போய்க் குனிஞ்சு நிண்டு செருப்புத் தேடினம். என்ர மனிசன் ஒரு செருப்பைக் கையில வைச்சுக்கொண்டு நட்ட நடு வாசலில நிண்டு மற்றது எங்க எண்டு என்னட்டைக் கேக்கிறார். அவருக்குப் பின்னால அம்பது பேர். நான் போய்ப் பக்கக் கதவுத் திரையை இழுத்தால் கதவில ஆமைப்பூட்டு தொங்குது. பூட்டின்ர திறப்பு தலைவற்ற வீட்டு அலுமாரிக்குள்ளயாம். எல்லாரையும் தொண்டை கட்டுமட்டும் பேசினனான். பேசிக்கொண்டு நிக்கேக்கதான் அந்தக் கதவை மூடி வைச்ச துணி என்ர துணி எண்டது மண்டைக்குள்ள ஏறிச்சு.

வீட்டை வந்து தங்கச்சிக்கு முழுக்கச் சொன்னன். அத்தான் ஒற்றைச் செருப்போட நிண்டதைக் கேட்டு அவ வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சா. சிரிச்சு முடிஞ்சு கண்ணைத் துடைச்சுப்போட்டு, "சனத்தை மாத்த ஏலாது அக்கா, செருப்பை மாத்துங்கோ," எண்டா.

அவ்வளவுதான் விசயம். படிச்ச எங்கள் ஒருத்தருக்கும் அது மண்டையில ஓடேல்லை. பக்கக் கதவுக்கு நேர, முப்பது அடி தள்ளி நிக்கிற வேப்பமரத்துக்குக் கீழ பலகை அடிச்சுச் செருப்புத் தட்டு வைச்சம். வாறவை அங்க கழட்டிப்போட்டுப் பக்கக் கதவால உள்ளுக்கு வரவேணும். ஓடுறவையும் செருப்பைத் தேடி அங்கதான் ஓடுவினம். ஆமைப்பூட்டைக் கழட்டிக் கிணத்துக்குள்ள எறிஞ்சது நான். கடலுக்குப் போற அண்ணை ஒருத்தர் சீமெந்து வேலையும் தெரிஞ்சவர். அவர் தொழிலுக்குப் போகாத ரெண்டு நாளில கதவடியில படியை உடைச்சுச் சரிவு கட்டித் தந்தார். தங்கச்சி வந்து அதில தானே ஏறி, தானே இறங்கிப் பாத்தா. மூண்டாந்தரம் இறங்கிப்போட்டு ஓம் எண்டா. விசிலை வாங்கித் தன்ர கழுத்தில போட்டா.

எனக்கும் ஒரு பட்டம் கிடைச்சுது. பயர் பிரிகேட் அக்கா. வெறுங்காலோட நடந்து முற்றத்து நெருஞ்சி குத்தினவையெல்லாம் என்ர பேரைச் சொல்லித்தான் முள்ளுப் புடுங்கினவை. நான் நெருஞ்சியை மண்வெட்டியால செருக்கினனே தவிர செருப்பை மாத்தேல்லை. கதவுத் திரை, ஜன்னல் திரை எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சு தடிச்ச பருத்தியில ஜன்னலுக்கு மட்டும் தைச்சன். ஆனால் உண்மையைச் சொல்லவேணும். அதே துணியில தைச்ச மேடைத் திரையை வெட்ட எனக்கு மனம் வரேல்லை. அதில நான் கையால தைச்ச மயில் ஒண்டு இருந்தது.

இந்த வருசக் கூத்துக்கு மண்டபம் நிறைஞ்ச சனம். நாரந்தனையில இருந்து வந்தவை, கோயில் ஆக்கள், சேர்ச் ஆக்கள், எழுவைதீவில இருந்து ரெண்டு வள்ளம். ராசா அரண்மனைக்குள்ள வந்து நிக்கிறார், தங்கச்சி பாடுறா. நான் அவவுக்கு எதிர்ப்பக்கம், மேடைக்கு மற்றக் கரையில நிக்கிறன். பாட்டு ஒரு அடியில பாதியோட நிண்டுது. அவ பிழை விடுற ஆள் இல்லையே எண்டு திரும்பிப் பாத்தன். அவ என்ர மயிலைப் பாத்துக்கொண்டிருந்தா. மேடை லைற் ஒண்டு சரிஞ்சு திரையில முட்டி, மயில் வாலுக்குக் கீழ புகை எழும்புது.

விசில் அடிச்சா. சனம் எழும்பி ஓடிச்சுது. ஐயோ எண்டு கத்தினவை இருந்தவை, பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டவை இருந்தவை, ஆனால் எல்லாரும் செருப்பு இருக்கிற பக்கம்தான் போச்சினம். ராசாவும் முடியோட ஓடினார். கடலுக்குப் போற அண்ணையும் இன்னும் ரெண்டு பேரும் தலைவர் பேந்து வாங்கி வைச்ச, நெருப்பணைக்கிற சிவப்புச் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மேடையில ஏறிச்சினம்.

நான் என்ர பக்கத்தில இருந்த கிழடுகட்டையளைக் கூட்டிக்கொண்டு வெறுமையாக் கிடந்த முன்வாசலால வெளிய வந்து, சுத்திக்கொண்டு வேப்பமரத்தடிக்கு ஓடினன். மேடையில ஏறின மூண்டு பேரைத் தவிர முழுச் சனமும் நிக்குது. ஒரு காயம் இல்லை. தங்கச்சியைக் காணேல்லை. முதல் ஆளா வெளிய போகவேணும் எண்டு அவவுக்குத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னனான். விசில் சத்தம் இன்னும் உள்ளுக்க இருந்துதான் கேக்குது.

பேந்து விசில் நிண்டுது. நெருப்பை அணைச்ச மூண்டு பேரும் இருமிக்கொண்டு வெளிய வந்தினம். அவைக்குப் பின்னால, கடைசி ஆளா, கறுப்புப் புகையோட சில்லுக் கதிரை வந்துது. என்ர மனிசன் தூக்கிறதுக்கு ஓடிப் போறார், அவ கையைக் காட்டி அவரை மறிக்கிறா. சரிவில சில்லை ரெண்டு கையாலயும் பிடிச்சுப் பிடிச்சு மெல்ல இறங்கி, முற்றத்தைக் கடந்து எனக்கு முன்னால வந்து நிப்பாட்டினா. முகமெல்லாம் கரி. எனக்கு வந்த கோவத்துக்கு அளவில்லை. முதல் ஆளா வரச் சொன்னனான் எல்லே எண்டு அத்தனை சனத்துக்கு முன்னால பேசத் துவங்கினன்.

அவ விசிலைக் கழட்டி என்ர கையில வைச்சா.

"அக்கா, என்னை ஒருத்தரும் தூக்கேல்லை," எண்டா.