கூடத்துச் சுவரில் ஜப்பான் தட்டுகள்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்லக் கூச்சமாக இருப்பதால்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் கூடத்துச் சுவரின் முன்னால் நின்றுவிடுவார்கள். வெள்ளைச் சுவர். அதில் பெரிதும் சிறிதுமாக ஒன்பது பீங்கான் தட்டுகள். எல்லாம் ஜப்பானில் செய்தவை, நூறு வருசத்துக்கும் மேல் பழசு. சேர்த்தவள் என் மனைவி.

நாங்கள் ஆத்தூர்ப் பக்கம் தென்னையும் காய்கறியும் போடுகிறவர்கள். அவள் சின்னாளபட்டியில் தறி வீட்டில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகும் சுங்குடிச் சேலைகளை எடுத்துக்கொண்டு திண்டுக்கல் கடைகளுக்குப் போய் வருவாள். ஒருநாள் ஊறுகாய் ஜாடி வாங்கப் பழைய சாமான் கடைக்குப் போனாள். அங்கே ஒரு ஜாடிக்கு மூடியாக ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தார்களாம். ஜாடியை விட்டுவிட்டுத் தட்டோடு வீட்டுக்கு வந்தாள்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்து என் முன்னால் நீட்டினாள்.

“கரையைப் பாருங்க.”

பார்த்தேன். நடுவில் கருநீலத்தில் ஒரு பூச்சாடி. சுற்றிலும் செங்கல் சிவப்பும் தங்கமுமாகக் கட்டம் கட்டமாய்ப் பூவேலை. ஒரு கட்டத்துப் பூ அடுத்த கட்டத்தில் இல்லை. ஆனாலும் கண் எங்கேயும் இடறாமல் சுற்றி வந்தது.

“எங்க ஊர்ல ஒருத்தன் இப்படி ஒரு கரை போட்டான்னு வைங்க, அன்னைக்கு அவனுக்குச் சந்தோசத்துல சோறு எறங்காது” என்றாள்.

அதற்குப் பிறகு அந்தக் கடைக்காரரே அவளுக்காக எடுத்து வைக்க ஆரம்பித்தார். காரைக்குடிப் பக்கம் பெரிய வீடுகளைப் பிரிக்கும்போது இந்த மாதிரித் தட்டுகள் வைக்கோலுக்குள் வந்து இறங்கும். அவள் தட்டை உடனே பாராட்டிவிட மாட்டாள். முதலில் நகத்தால் சுண்டி, காதருகே பிடித்துக் கேட்பாள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் மொத்தையாக வரும். பிறகு கவிழ்த்துப் பார்ப்பாள். சூளையில் தட்டின் நடுப்பாகம் தொய்ந்துவிடாமல் இருக்க அடியில் சின்ன மண் முளைகளை முட்டுக் கொடுத்திருப்பார்களாம். அவை இருந்த இடம் மிளகு அளவுத் தழும்பாக நிற்கும். அதை விரலால் தடவிக்கொண்டே, “இங்கதான் தாங்கிப் பிடிச்சிருக்கான்” என்பாள், பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோல.

பொங்கலுக்கு வீட்டுப் பாத்திரமெல்லாம் புளி போட்டு விளக்கப்படும். தட்டுகளுக்குப் புளி கிடையாது, தங்கம் போய்விடும். பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் துண்டை விரித்து, வெறும் தண்ணீரில், ஒவ்வொன்றாக அவளே கழுவுவாள். என்னிடம் கூடத் தரமாட்டாள். தந்தால் வாங்க எனக்கும் பயம்தான்.

மூன்று வருசத்துக்கு முன்னால் புது வீடு கட்டினோம். கூடத்தில் டிவிக்கென்று விட்ட சுவரை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். தட்டை மாட்டும் கம்பிக் கொக்கி ஓரத்தைக் கொத்திவிடக் கூடாது என்று, மீன் தொட்டிக் கடையில் மெல்லிய குழாய் வாங்கிக் கொக்கிகளின் மேல் செருகினாள். தட்டுகளைத் தரையில் சேலை விரித்துப் பரப்பி, மாற்றி மாற்றி அடுக்கி, பல நாள் பார்த்த பிறகே சுவருக்கு ஏற்றினாள். பெரிய தட்டை நடுவில் வைக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாள். அதனால்தான் அந்தச் சுவர் கடை மாதிரி இல்லாமல் வீடு மாதிரி இருக்கிறது.

பால் காய்ச்சுவதற்கு முந்தின நாள் மதியம் அண்ணனும் மதினியும் வந்தார்கள். மறுநாள் சாமி படத்தோடு வீட்டுக்குள் முதலில் கால் வைக்க வேண்டியவர் அண்ணன். வாழை மரத்தை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

“ஏலே, என்னலே இது?”

“ஜப்பான் தட்டுண்ணே.”

“அது தெரியுது. எவனோ தின்னுட்டு வச்ச தட்டுதான?”

“இந்தப் பெரிய தட்டெல்லாம் அழகுக்கு வைக்கிறது மாமா” என்றாள் என் மனைவி. “தின்ன தட்டுன்னா கத்தி பட்டுக் கீறல் இருக்கும். வெளிச்சத்துல பாருங்க, கீறலே கெடையாது.”

“நான் அம்பது வருசமா கையாலதான் திங்கிறேன். என் தட்டுலயும் கீறல் கெடையாது.”

மதினி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

“ஊரான் எச்சித் தட்டத் தொங்கவிட்ட வீட்டுக்குள்ள நான் சாமி படத்தத் தூக்கிட்டு வர மாட்டேன். எறக்கிட்டுச் சொல்லி அனுப்பு.”

அவர் சொல்வதில் தப்பு இல்லை. எச்சில் பார்த்து வளர்ந்த வீடு எங்களுடையது. பீங்கான் என்றால் ஊறுகாய் ஜாடி, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். என் மனைவி ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு ஏறினாள். முதன்முதலில் வாங்கி வந்த அந்தப் பூச்சாடித் தட்டின் கீழே உள்ளங்கையைக் கொடுத்தாள். கொக்கியை விடுவிக்க இன்னொரு கை மேலே போனது.

“எறக்காத” என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அண்ணனும் பார்த்தார்.

“என்னலே சொன்ன?”

“அங்கயே இருக்கட்டும்ணே.” குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். “அது அவ செவுருண்ணே. நீங்களும் வரணும். அதுவும் இருக்கணும்.”

“இந்தா, ஒங்க தம்பிக்கு வாய் இருக்கு!” என்றார் மதினி. “இம்புட்டு நாளா எங்க வச்சிருந்தீக கொழுந்தனாரே?”

அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மதினி மட்டும் இருந்து என் மனைவியோடு கோலம் போட்டார். நான் வாசலில் வாழை மரத்தைக் கட்டினேன். கட்டின கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தேன்.

விடிவதற்குள் அண்ணன் வந்துவிட்டார், சட்டை இல்லாமல், நெற்றி நிறையத் திருநீறோடு. சாமி படத்தை வாங்கினார். வலது காலை எடுத்து வைத்து, கூடத்தைத் தாண்டும் வரை தலையை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டு போனார். பால் பொங்கியது. பந்தியில் தட்டுகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மூன்று வருசமாக அப்படித்தான் உட்காருகிறார். எதிர்ச் சுவருக்குப் போய்விட்ட டிவியைப் பார்க்க வசதியான இடமும் அதுதான் என்பதால் யாருக்கும் சங்கடம் இல்லை.

போன வாரம் வந்தார். காபி குடித்துவிட்டு டம்ளரை வைக்கத் திரும்பியவர், “ஏலே, அந்தப் பூச்சாடித் தட்டு சாஞ்சு நிக்கிது” என்றார். அடுப்படியில் இருந்த என் மனைவியின் கை பாத்திரத்திலேயே நின்றது. நான் எழுந்து போய்த் தட்டைத் தொட்டேன். அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, “இன்னும் செத்த இடப்பக்கம். அம்புட்டு இல்ல. ஆங், இப்ப பூச்சாடி நேரா நிக்கிது” என்றார்.

ஐப்பசி 12, 2025