சுர்மாக்கல் பல்பு

நாகூர் மீரானை எனக்குப் பிடிக்காது. பினாங்கில், ஜெலுத்தோங்கில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்குமே அவனைப் பிடிக்காது. அச்சாபீசில் ஈய எழுத்து வார்க்கிறவன். வாயைத் திறந்தால் சண்டைதான்.

1931இல் வீட்டுக்காரர் ஜபருல்லாவிடம், அவர் கடைக்கு வந்த கரண்டைத் தன் வீட்டுக்கும் இழுத்துத் தரச் சொல்லிக் கேட்டான். அவர் முன்கட்டில் அத்தரும் கண்ணுக்கிடும் சுர்மாவும் விற்பவர், இவனைவிட மோசமான வாய்.

"வாடகைக்கு இருக்கிறவனுக்கு மண்ணெண்ணெய் போதும்லா," என்றார் கடையில் எல்லார் முன்னாலும்.

"உங்க கம்பி எனக்கு வேணாம். என் அடுப்புலேர்ந்தே பல்பு எரிய வைக்கிறேன்," என்று கத்திவிட்டு வந்தான். தெருவே சிரித்தது, நானும்தான்.

அச்சுக்கு வந்த பத்திரிகையில் படித்திருக்கிறான்: இரண்டு உலோகங்களைச் சேர்த்து, ஒரு முனையைச் சுடவைத்து மறுமுனையைக் குளிரவைத்தால் மின்சாரம் ஓடுமாம். எழுத்து உலோகத்தை வார்த்து இரும்புத் தகட்டோடு சேர்த்து, மனைவி ஹபீபா பீவியின் கரி அடுப்பைச் சுற்றி அடுக்கினான். மின்சாரம் ஓடுகிறதா என்று பார்க்க வைத்த, கம்பி சுற்றிய திசைகாட்டியில் முள் லேசாக அசைந்தது. பல்பு எரியவில்லை.

"இதுல அஞ்சனம் கம்மி," என்று எரிந்து விழுந்தான். எழுத்து கெட்டியாக இருக்க ஈயத்தோடு கலக்கிற உலோகம் அது. சுர்மாக்கல்தான் அஞ்சனம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. தான் போனால் கௌரவம் போய்விடும் என்று பீவியை அனுப்பி ஜபருல்லாவிடம் இரண்டு கல் வாங்கினான்.

ஒரு கல்லை வைத்தான். முள் எதிர்ப்பக்கம் திரும்பியது. அஞ்சனம் அப்படித் திருப்பாது. சந்தேகப்பட்டுக் கல்லை உலையில் காய்ச்சினான், ஈயம் சொட்டியது. வெள்ளிக்கிழமைத் தொழுகை விட்டு வந்த கூட்டத்துக்கு நடுவில் கடை வாசலில் நின்றான்.

"ஈயக்கல்லைச் சுர்மான்னு கண்ணுக்கு விக்கிறீங்களே, வெட்கமா இல்ல?"

இனி அசல்தான் விற்பேன் என்று ஜபருல்லா எல்லாரிடமும் சொல்ல வேண்டியதாயிற்று. இருந்த கல்லையெல்லாம் கடலில் கொட்டினார். எனக்கோ இரண்டு பேரையும் சேர்த்தே தள்ளிவிடத் தோன்றியது.

ஜெயித்த களிப்பில் வீட்டுக்கு வந்தவனிடம் பீவி கேட்டாள்: "எந்தப் பக்கம் திரும்பினா என்ன? எவ்வளவு தூரம் திரும்புச்சு, அதப் பாத்தீங்களா?"

மிச்சமிருந்த கல்லை வைத்தான். முன்பு லேசாக அசைந்த முள் இப்போது கடைசிவரை போய் நின்றது. இந்த மாதிரிக் கல் ஒரு கூடை கிடைத்தால் பல்பு எரிந்துவிடும். ஆனால் பினாங்கில் அதை வைத்திருந்த ஒரே ஆளை அவன்தான் திருத்திவிட்டு வந்திருந்தான்.

மறுநாள் தலையைக் குனிந்துகொண்டு கடைக்குப் போனான். "அண்ணே, அந்தப் பழைய கல்லு ஏதும்..."

"இங்க அசல் மட்டும்தான் தம்பி," என்றார் ஜபருல்லா, தெருவுக்கே கேட்கும்படி. சொல்லிவிட்டு, அந்தப் பட்டப்பகலில், தலைக்கு மேலிருந்த பல்பைப் போட்டார்.