பின்பக்கப் படுதா

முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. கிரெடிட் கார்டு விற்கப் போன் செய்யும் பெண்ணிடம்கூட, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்வேன். இதற்கு முகத்தாட்சண்யம் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். கோழைத்தனம் என்று என் மனைவி வைத்திருக்கிறாள். ஜீப்புக்குப் படுதா மாட்டிய விஷயத்தில் அவள் வைத்த பெயர்தான் சரி.

மலையிலும் மணலிலும் நிஜமாகவே ஜீப் ஓட்டிய ஓய்வுபெற்ற ராணுவத்தார் நிறைந்த ஹைதராபாத் சைனிக்புரியில், அமீர்பேட் வரை ஆபீஸ் போவதற்காக நான் ஒரு ஜீப் வாங்கினேன். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மேலே கூரை போடமாட்டேன். அவர்கள் மீசைக்குள் சிரித்துக்கொண்டதை நான் பொருட்படுத்தவில்லை. ஆபீசில் நாள் முழுக்கக் காதில் ஹெட்போனோடு யார் யாருக்கோ பதில் சொல்கிறவன் நான். காலையில் அந்த ஒரு மணி நேரக் காற்றுக்காகத்தான் அதை வாங்கினேன்.

முன்னால் இரண்டு இருக்கைகள். நானும், அமீர்பேட்டில் ஒரு பயிற்சி நிலையத்தில் பாடம் எடுக்கும் என் மனைவியும். பின்னால் எதிரும் புதிருமாக இரண்டு குட்டி பெஞ்சுகள். அதில் ஒன்று அவருடையது.

காய்கறிக் கடையில் முருங்கைக்காய்க்காக நானும் மனைவியும் தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, முகமெல்லாம் சிரிப்பாக வந்து நின்றவர் அவர். திருநெல்வேலிக்காரர். எங்கள் தெருக்கோடியில் ஒரு மாடி அறையில் தனியாக இருக்கிறார். நாச்சாரத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். மனைவி ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை, வேலையை விட்டு வர முடியாது. நாச்சாரம் நாங்கள் போகிற வழிதான் என்று தெரிந்ததும், நாளையிலிருந்து எங்களோடு வாருங்கள் என்று சொன்னது வேறு யாரும் இல்லை, நான்தான்.

நல்ல மனிதர். ஆனால் பேச்சென்றால் பேச்சு, அப்படியொரு பேச்சு. திறந்த வண்டியில் காற்று இரைச்சல் அதிகம் என்பதால், எங்கள் இருவருக்கும் நடுவில் தலையை நீட்டி, என் இடது காதுக்குள் கத்துவார். மெஸ்ஸில் சாம்பாருக்கு வெல்லம் போடுவது, போர்மேனிடம் தன் ஹிந்தி பட்ட பாடு, மகளின் பத்தாம் வகுப்பு, மறுபடியும் சாம்பார். என் மனைவி திரும்பி உட்கார்ந்து ரசித்துக் கேட்பாள். ஒருநாள் அவர் சொன்னார்: "மதினி, இந்த அரைமணி நேரந்தான் நான் வாய் நிறையத் தமிழ் பேசுதேன். பொறவு ராத்திரி வரை வாய்க்குப் பூட்டுதான்."

அதை நானும் கேட்டேன். கேட்ட பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை.

படுதா யோசனை ஒரு வீடியோவிலிருந்து வந்தது. திறந்த ஜீப்பின் பின்பகுதியை இழுத்து மூடும் தடித்த ரெக்ஸின் கவர். உள்ளே பையை வைத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் நிம்மதியாக நிறுத்தலாம் என்றான் வீடியோக்காரன். கடைசியில், இதை மாட்ட வேண்டுமானால் பின் பெஞ்சுகளைக் கழற்றியாக வேண்டும் என்றான். எனக்கு நிம்மதி தந்தது அந்த வரிதான். அன்றே ஆர்டர் போட்டேன். மறுநாள் காலை, சிக்னலில் நிற்கும்போது எவனாவது கைவிட்டு லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் போலிருக்கிறது, பின்னால் ஒரு கவர் போட வேண்டும் என்று அவர் காதில் விழும்படி சொல்லி வைத்தேன். நல்ல காரியம், உடனே செய்யுங்கள் என்றார் அவர். பெஞ்சு விஷயத்தை நான் சொல்லவில்லை.

அவர் லீவில் ஊருக்குப் போயிருந்த வாரத்தில் பார்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பெஞ்சுகளைக் கழற்றிச் சுவரோரம் வைத்தேன். இரண்டு பக்கமும் அலுமினியச் சட்டங்களை முடுக்கினேன். மடிப்பு விட்டுப் போகட்டும் என்று கவரை வெயிலில் காயப்போட்டேன். முன் ஓரத்தைச் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரும்புக் குழாயில் வாரால் கட்டியாயிற்று. பின் ஓரத்தில்தான் வந்தது வினை. ஒரு மூலையில் பொத்தானை அழுத்தினால் மறு மூலை பிய்த்துக்கொண்டு வந்தது. இழுத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வாசலில் வந்து நின்று, சுவரோரம் இருந்த பெஞ்சுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் ஊர் பாஷை கலந்துதான் வரும்.

"வேண்டாம்னு சொல்ல இந்த ஊர்ல நக்கோன்னு ஒரே ஒரு வார்த்தை இருக்கு. அதைச் சொல்லத் துப்பில்லாம இத்தனை போல்ட்டைக் கழட்டியிருக்கீங்க," என்றாள். உள்ளே போய்விட்டாள்.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்பார்களே, அதைத்தான் ஸ்பேனரோடு செய்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் வந்தார். ரயிலை விட்டு இறங்கி, அறைக்குக்கூடப் போகாமல், முந்திரிக்கொத்து டப்பாவோடு நேராக எங்கள் வீட்டுக்கு. பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். எனக்கு முந்திரிக்கொத்தே கிடைத்தது.

தனியாகவா கஷ்டப்படுகிறீர்கள் என்று உரிமையோடு கடிந்துகொண்டார். கழற்றி வைத்திருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து, என் மனைவி கொடுத்த காபியைக் குடித்தார். இதை எப்போது திரும்ப மாட்டுவீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். பார்க்கலாம் என்றேன். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு எழுந்தார்.

நான் ஒரு மூலை, அவர் ஒரு மூலை. இருவரும் பலம்கொண்ட மட்டும் இழுத்தோம். என் பக்கப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டன. இழுத்துப் பிடித்தபடியே அவர் குனிந்து, மூடப்போகும் இடைவெளி வழியாக உள்ளே பார்த்தார். சட்டங்கள் போக அங்கே ஒரு சூட்கேஸ் படுக்க இடமிருந்தது. ஒரு மனிதன் உட்கார இடமில்லை. நிமிர்ந்து சுவரோரம் பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்க்கவில்லை. புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அப்போது அவர் கையை விட்டிருந்தால் துணி சுருண்டு அத்தனை பொத்தானும் அவிழ்ந்திருக்கும். அவர் விடவில்லை. கடைசிப் பொத்தானும் பூட்டிக்கொள்ளும்வரை, புறங்கை நரம்பு புடைக்க, இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"கச்சிதமா இருக்கு அண்ணாச்சி," என்று படுதாவை ஒரு தட்டுத் தட்டினார். அடுத்து, எனக்காகச் சாக்குப்போக்கையும் அவரே தேடிக் கொடுத்தார். ஷிப்ட் நேரம் மாறப்போகிறது, இனி பஸ்தான் தோது, எனக்காக நீங்கள் காத்திருக்க வேண்டாம் என்றார். அப்படியா என்று கேட்டேன். வேறென்ன கேட்பது? வெட்கமாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் கேட்ட அமைதி எனக்குக் கிடைத்தது. மனைவி போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஷிப்ட் எதுவும் மாறவில்லை. அதே நேரத்துக்கு அவர் பஸ் நிறுத்தத்தில் நின்றார். மூடிய கார் என்றால் கண்ணாடியை ஏற்றிக்கொள்ளலாம். திறந்த ஜீப்பில் முகத்தை எங்கே ஒளிப்பது? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். எனக்கோ பிடரி வரை குறுகுறுத்தது. அவர் என்னவோ சிரித்துக் கையசைத்தார்.

சனிக்கிழமை படுதாவைக் கழற்றினேன். கழற்றுவதற்கு ஒரு ஆள் போதும். பெஞ்சுகளை முடுக்கிவிட்டு அவர் அறைக்குப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தார். ஈரக்கையோடு நாற்காலி இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. திருட்டு பயமெல்லாம் பொய், காலையில் கொஞ்சம் சத்தமில்லாமல் போக ஆசைப்பட்டேன், அதைச் சொல்ல வாய் வராமல் இப்படிச் செய்துவிட்டேன் என்று ஒப்பித்தேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்று இருந்தது.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா அண்ணாச்சி," என்றார் அவர். "வாயைப் பொத்திக்கிட்டு வந்திருப்பேனே. நீங்களும் மதினியும் பேசிக்கிடுததைக் கேட்டுக்கிட்டாவது வந்திருப்பேன்."

திங்கட்கிழமை கட்டாயம் வரவேண்டும், இல்லையென்றால் என் மனைவி என்னை வீட்டுக்குள் விடமாட்டாள் என்றேன். அவரும் என் ஜாதிதான் போலிருக்கிறது, முகத்துக்கு நேராக மறுக்கத் தெரியாதவர். வருகிறேன் என்றார்.

வந்தார். பழைய பெஞ்சில், முழங்கால்மேல் பையை வைத்துக்கொண்டு, டிக்கெட் எடுக்காதவர்போல ஒடுங்கி உட்கார்ந்தார். தலையை முன்னால் நீட்டவில்லை. மனைவி கேட்டதற்கு மட்டும் ஒரு சொல்லில் பதில். இப்போதெல்லாம் வழி முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வருகிறேன். ஆபீஸ் கதை, கிரிக்கெட், எங்கள் வீட்டு சாம்பார் உட்பட. காற்றுக்கு மேல் கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அவர் ம் கொட்டுகிறார்.

நேற்று மனைவி வற்புறுத்திக் கேட்டதில், மகள் கணக்குப் பரீட்சையை நன்றாக எழுதியிருக்கிறாள் என்று அவர் இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொன்னார். நாச்சாரத்தில் இறங்கிக்கொண்டவர், போகாமல் என் பக்கம் சுற்றி வந்து நின்றார்.

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேனோ அண்ணாச்சி?" என்றார்.