இருபத்துமூன்றில் ஒரு வெள்ளை

கடையில் அன்று இருபத்துமூன்று பாம்புகள் இருந்தன. நான் இரண்டு தடவை எண்ணினேன். பதினான்கு கபிலம், ஆறு செம்மஞ்சள், இரண்டு சாம்பல், ஒன்று வெள்ளை. எல்லாம் ஒரே இனம். இங்குள்ளவர்கள் கோர்ன் ஸ்நேக் என்பார்கள். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் சோளக் களஞ்சியங்களில் எலி பிடித்துத் திரிகிற, நஞ்சில்லாத பாம்பு. காட்டில் அது பெரும்பாலும் காய்ந்த இலையின் நிறத்தில்தான் இருக்கும், முதுகில் செங்கல் நிறத் திட்டுகளோடு. வீட்டில் வளர்ப்பவர்கள் சோடி சேர்த்துச் சேர்த்து, கறுப்பை நீக்கிச் செம்மஞ்சள் ஆக்கினார்கள். சிவப்பை நீக்கிச் சாம்பல் ஆக்கினார்கள். இரண்டையும் நீக்கியதும் வெள்ளை வந்தது. அதற்குக் கண்கூட இளஞ்சிவப்பு.

யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவன் நான். கனடாவில், ஸ்காபரோவின் ஒரு பிளாசாவில் பாம்பு வாங்க நிற்பேன் என்று அந்த முப்பத்தொரு வருடத்தில் ஒரு நாளும் நினைக்கவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. இறந்துபோன என் தம்பியின் குடும்பத்தோடு பதினான்காம் மாடியில் இருந்தேன். தம்பியின் மனைவி, அவளுடைய மகன், மகனின் மனைவி, நான். இரண்டு அறைக்கு நான்கு பேர்.

மருமகளுக்குக் கலியாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. அவள் வைத்தியரிடம் போய் எல்லாச் சோதனையும் செய்தாள். அவளில் பிழை இல்லை என்றார்கள். அடுத்தது அவன் போகவேண்டும். அவன் போகவில்லை. தாய் போகவிடவும் இல்லை. அதற்குப் பதிலாகச் சாதகம் பார்க்கிற சாத்திரி ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தாள். மருமகளின் தகப்பன் ஊரில் மாட்டுக்கொட்டிலில் ஒரு நாகத்தை அடித்துக் கொன்றது அவருக்குத் தெரியவந்தது. யார் சொல்லித் தெரியவந்தது என்று நான் கேட்கவில்லை. நாகதோஷம் என்றார். ஊரென்றால் நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு வெள்ளி நாகம் வைத்துவிட்டு வரலாம். சண்டைக்குள் யார் போவது? ஆகவே கூண்டில் கிடக்கிற ஒரு பாம்பை வாங்கி, அவள் தன் கையால் காட்டில் விடவேண்டும். அது போய்ப் பிழைத்தால் தோஷமும் போகும்.

தம்பியின் மனைவி இதைச் சாப்பாட்டு மேசையில் எல்லோருக்கும் முன்னால் அறிவித்தாள். இதுதான் கடைசிப் பரிகாரம் என்றாள். தைப்பொங்கலுக்கு முன் ஒன்றும் தங்காவிட்டால் மருமகள் மிசிசாகாவில் இருக்கும் தமையன் வீட்டுக்குப் போகலாம், மகனுக்கு வேறு இடம் பார்க்கலாம் என்றாள். பார்த்தும் இருந்தாள். ஒரு படம் அவளுடைய கைப்பையில் இருந்தது. தமிழ்ப் பெட்டைதான், நல்ல வெள்ளை நிறம். மருமகள் என் சோற்றுக் கோப்பையில் சொதி விட்டுக்கொண்டு நின்றாள். ஒரு துளி சிந்தவில்லை.

கடையில் அவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, காட்டில விட்டா எது தப்பும்?"

குளிர் தொடங்கினால் ஒன்றுமே தப்பாது, இவை இந்த நாட்டுப் பாம்புகள் அல்ல என்றேன். ஆனால் கோடை முடியும்வரை கபில நிறத்துக்கு இடமுண்டு. சருகில் கிடந்தால் பக்கத்தில் நிற்பவனுக்கும் தெரியாது. வெள்ளை ஒரு காலைப்பொழுதைத் தாண்டுவதே கடினம். வானத்தில் பறக்கிறதெல்லாம் அதைக் காணும்.

அவள் கபிலத் திட்டுப் போட்ட ஒன்றைக் காட்டி, இதை எடுப்போம் என்று தன் மாமியிடம் சொன்னாள்.

மாமி அதைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள்.

"உன்ர கண் உன்ர நிறத்திலதானே போய் நிக்கும். தெய்வத்துக்கு விடுறது, நல்ல வடிவா, வெள்ளையா இருக்கவேணும். உது கிடங்குக்குள்ள கிடந்த கயிறு மாதிரி."

மகன் சிரித்தான். தாய் சொன்னதற்காகச் சிரித்தானா, கயிறு என்றதற்காகச் சிரித்தானா தெரியாது. சிரித்தான். கடைக்காரப் பெடியனிடம் வீட்டில் வளர்க்க என்று சொல்லி வெள்ளையை வாங்கினான்.

இரண்டு இரவு அது எங்கள் வீட்டில், துளை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருந்தது. மூடியில் பதினாறு துளைகள். எந்தத் துளையாலும் அதன் தலை நுழையாது என்று அளந்து பார்த்தும் எனக்கு நித்திரை வரவில்லை. தம்பியின் மனைவி ஒரு சிறு கிண்ணத்தில் பால் கொண்டுவந்து உள்ளே வைத்தாள். பாம்பு பால் குடிக்காது என்றேன்.

"அத்தான், உங்கட சயன்ஸைப் பள்ளிக்கூடத்தோட விட்டிட்டு வாங்கோ."

பாம்பு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பாலில் ஊறிக் கிடந்தது. மருமகள்தான் அதை வெளியே எடுத்து, குழாய்த் தண்ணீரில் கழுவித் துடைத்தாள். அவளுக்குப் பயம் இருக்கவில்லை. அது அவளுடைய மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றி அமைதியாக இருந்தது. அந்தக் கறுத்த கையில் அது எவ்வளவு எடுப்பாகத் தெரிந்ததோ, அவ்வளவுக்கு எனக்குக் கவலை கூடியது.

ஞாயிறு காலை ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்து ஆற்றுப் பள்ளத்தாக்குக்குப் போனோம். நல்ல வெயில். மாமி பெட்டியைச் சுற்றிக் கற்பூரம் காட்டினாள். பாம்பின் தலையில் மஞ்சளும் குங்குமமும் வைக்கச் சொன்னாள், மருமகள் வைத்தாள். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மரத்தில் நான்கு காகம். தூரத்து மின்கம்பத்தில் வேறொன்று இருந்தது, தடித்த மார்பு, அசையாத தலை. செடிப் பற்றைக்குள் கொண்டுபோய் விடு என்று மருமகளுக்குச் சொன்னேன். மாமி மறித்தாள். எல்லோரும் பார்க்க, வெளியில் விடவேண்டுமாம்.

அவள் குனிந்து மணலில் விட்டாள்.

பாம்பு அசையவில்லை. காட்டுப் பாம்பென்றால் அந்தக் கணமே புல்லுக்குள் போயிருக்கும். இது கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்து, பெட்டிக்குள்ளேயே வளர்ந்தது. ஒளிக்கவேண்டும் என்ற தேவை ஒரு நாளும் அதற்கு வந்ததில்லை. பெரிதாய்த் தலையைத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி வெயிலைப் பார்த்தது. மருமகள் கையால் மணலைத் தட்டினாள். "போ," என்றாள். "போ, போ."

காகங்கள் கத்தின. பிறகு கம்பத்தில் இருந்தது இல்லாமற்போனது. செவ்வால் பருந்து. அது அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் இறங்கி எழும்பிய காற்றில் அவளுடைய தலைமயிர் கலைந்தது. ஆற்றுக்கு மேலால் அது போகும்போது காலில் அந்த வெள்ளை நெளிந்துகொண்டிருந்தது. மறுகரை மரங்களுக்கு அப்பாலும் தெரிந்தது. கபிலம் என்றால் ஆற்றைத் தாண்ட முன்பே கண்ணுக்கு மறைந்திருக்கும்.

தம்பியின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கருடன் வந்து எடுத்திட்டார், இனிக் குறையில்லை என்றாள். காரில் பாதி வழி வரைக்கும் அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குப்பின் மகனைக் காரை வேகமாக ஓட்டச் சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சாத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் சொன்னாராம், பிழைத்தால்தானே தோஷம் போகும் என்றேன், செத்துப்போய்விட்டதே, இப்போது தோஷம் இரண்டு மடங்காகி, பாம்பை விட்டவளின் தலையில் நிற்கிறது என்று. தொலைபேசியை வைத்துவிட்டு அவள் இதைச் சத்தமாகவே எங்களுக்குச் சொன்னாள்.

ஐந்து வருடத்தில் மருமகள் மாமிக்கு எதிர்ச்சொல் சொன்னதை நான் ஒரு முறைதான் கேட்டேன். அது அன்றைக்கு.

"மாமி, வெள்ளையை எடுத்தது நீங்கள்."

"ஓம், எடுத்தது நான்தான். விட்டது ஆர்ர கை?"

பருந்துக்குக் கையைத் தெரியாது, நிறத்தைத்தான் தெரியும் என்று நான் தொடங்கினேன். அந்தக் கடையில் இருந்த மற்ற நிறம் இப்போதும் சருகுக்குள் கிடந்திருக்கும் என்றேன். தம்பியின் மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை.

"அத்தான், உங்களுக்குச் சோறு அவிச்சிருக்கு. ஆறமுன்னம் சாப்பிடுங்கோ."

மகன் ரீவியைப் போட்டான். பந்து விளையாட்டோ என்னவோ, சத்தத்தைக் கூட்டினான். மருமகள் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்லுக்காக நின்றாள். அவன் இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

தைப்பொங்கல் வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை மிசிசாகாவிலிருந்து தமையன் வந்தான். மேலே வரமாட்டேன் என்று காருக்குள்ளேயே இருந்தான். அவளிடம் இரண்டு பெட்டியும், கயிறு கட்டிய ஒரு மட்டைப்பெட்டியும். மூன்றையும் லிஃப்ற் வரைக்கும் கொண்டுபோக நான் மட்டும்தான் கூடப் போனேன். அவளுடைய புருஷன் குளியலறைக்குள் இருந்தான். தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

லிஃப்ற் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று வந்தது. இனி என்ன செய்வாய் பிள்ளை என்று கேட்டேன். அதைவிட வேறொன்றும் எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வேலை ஒன்று பார்க்கவேண்டும், விமான நிலையத்துப் பக்கம் எடுக்கிறார்களாம் என்றாள். பெட்டிகளை உள்ளே தள்ளி வைத்துவிட்டுத் திரும்பினாள். அழுதிருக்கவில்லை.

"நீங்கள் பயப்பிடாதேங்கோ மாமா. நான் கறுப்பு. தப்பீடுவன்."

கதவு மூடியது. நான் திரும்பி வந்தபோது தம்பியின் மனைவி குசினிக்குள் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். மகனின் கலியாணத்துக்கு வந்த, தண்ணீர் குடிக்கிற சில்வர்ப் பேணிகள் தட்டில் அடுக்கியிருந்தன.

"அத்தான், நீங்கள்தானே எல்லாம் எண்ணுவியள். உதை ஒருக்கா எண்ணிப் பாருங்கோ."

எண்ணினேன். இருபத்துநான்கு. ஒன்றும் குறையவில்லை. இன்னொரு தரம் எண்ணச் சொன்னாள்.