வாசலை மறித்த ஸ்கிராப்பர்

பழைய ஸ்கிராப்பரை வைத்துத் தொழில் பண்ணுகிறவன், நாளில் பாதியை அது என்ன வண்டி என்று விளக்குவதிலேயே கழிக்க வேண்டும். வயிற்றுக்கு அடியில் ஒரு கத்தி. ஓடும்போதே மண்ணைச் சீவித் தொட்டிக்குள் வாங்கிக்கொள்ளும். பள்ளம் கண்ட இடத்தில் பரப்பிவிட்டு வரும். ஏலத்தில் எடுத்தபோது "அணை கட்டின வண்டி" என்றார்கள். எந்த அணை என்று கேட்டதற்கு மட்டும் ஆளுக்கொரு அணையைச் சொன்னார்கள்.

தேனியில் எங்கள் வீட்டு வாசலை மறித்துக்கொண்டு அது நின்றது. என் மனைவி செல்வி கெடு வைத்துவிட்டாள். வீரபாண்டித் திருவிழாவுக்கு அவள் தங்கை குடும்பம் வருவதற்குள் ஒரு வேலையாவது உருப்படியாக முடிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி பழைய இரும்புக்கு. பழைய வண்டியைக் காதலித்து வீட்டில் பேச்சு வாங்கும் அன்பர்களே, என் கதையைக் கேளுங்கள்.

கை எங்கே?

கெங்குவார்பட்டி விவசாயி ஒருவர் போனில், "மண் அள்ளணும், வாங்க" என்றார். வேலை கிடைத்த சந்தோஷத்தில் எங்கே, என்ன மண் என்று நான் கேட்கவே இல்லை. போய்ப் பார்த்தால் கிணற்றில் தூர் வார வேண்டுமாம்.

பொக்லைன் வரும் என்று காத்திருந்த மனிதர், என் வண்டியை மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். இது கிணற்றுக்குள் இறங்காது, நிலத்தை நிரவத்தான் லாயக்கு என்று நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "கையே இல்லாத வண்டிய ஓட்டிக்கிட்டு இம்புட்டுத் தூரம் எந்தத் தைரியத்துல வந்தீக?"

சின்ன இன்ஜின்

இந்த வண்டியின் பெரிய இன்ஜினைக் கிளப்ப, பக்கத்திலேயே ஒரு சின்ன பெட்ரோல் இன்ஜின் உண்டு. கயிற்றைச் சுற்றி இழுத்தால் சின்னது கிளம்பும். அது கத்திக் கத்திப் பெரியதை எழுப்பும். தினமும் எங்கள் தெருவே வேடிக்கை பார்க்கும். ஒருநாள் பதினெட்டாவது இழுப்பில் எதிர்வீட்டு வாத்தியார் பேப்பரை மடித்து வைத்தார்: "தம்பி, இந்நேரம் நாலு பேரு மம்பட்டியோட போயிருந்தா வேலையே முடிஞ்சிருக்குமே!"

எல்லைக்கல்

சின்னமனூர் பக்கம் அண்ணன் தம்பி இருவர், அதிசயமாக ஒன்றுகூடி என்னைக் கூப்பிட்டார்கள். அண்ணன் நிலத்து மேட்டைச் சீவித் தம்பி நிலத்துப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். எனக்கென்றே செய்த வேலை! முதல் சுற்றை அழகாக முடித்துத் தம்பியின் நிலத்தில் முப்பதடி உள்ளே போய் மண்ணைக் கொட்டினேன். மண்ணோடு ஒரு கல்லும் விழுந்தது. புல்லுக்குள் மறைந்திருந்த எல்லைக்கல். அதை என் வண்டி வேரோடு பிடுங்கி விழுங்கியிருக்கிறது.

தம்பி வண்டிக்கு முன்னால் வந்து படுத்துவிட்டார். வேலை அத்தோடு நின்றது. அண்ணனுக்கு மட்டும் வாயெல்லாம் பல்: "இத்தன வருசமா வக்கீலால முடியல. ஒரே ரவுண்டுல எனக்கு முப்பதடி வாங்கிக் குடுத்திட்டீகளே!"

கடைசிச் சவாரி

கெடு முடிந்தது. ஆண்டிபட்டியில் இருக்கும் பழைய இரும்பு வியாபாரி, வண்டியை நானே ஓட்டிவந்து அவர் களத்தில் விடச் சொன்னார். வழியில் நான் மனம் மாறிவிடக் கூடாதென்று செல்வி ஸ்கூட்டரில் பின்னாலேயே வந்தாள்.

களம் முழுக்க மேடும் குழியும். உள்ளே போக முடியாமல் லாரிகள் வெளியே நின்றன. வியாபாரி கேஸ் கட்டரோடு காத்திருந்தார். இறங்க மனமில்லாமல், கடைசியாக ஒருமுறை என்று கத்தியை இறக்கினேன். மேட்டைச் சீவினேன், குழியில் பரப்பினேன். மதியத்துக்குள் களம் சமமாகி, லாரிகள் வரிசையாக உள்ளே வந்தன.

வியாபாரி கட்டரைக் கீழே வைத்தார். "இத வெட்டிட்டா, அடுத்த மழைக்குக் குழி விழுந்தா யாரு நிரவுறது? வண்டி இங்கனயே நிக்கட்டும்" என்றார். நான் இன்னும் சீட்டை விட்டு இறங்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் செல்வி சொன்னாள்: "அண்ணே, அப்படியே இவுகளையும் சேத்து வச்சுக்கிருங்க!"

அன்றிலிருந்து எங்கள் வாசலில் செல்வியின் ஸ்கூட்டர் தாராளமாகத் திரும்புகிறது, வண்டி ஆண்டிபட்டியில் சொகுசாக நிற்கிறது, தூக்குச்சட்டியோடு தினமும் அங்கே வேலைக்குப் பஸ் ஏறுகிறவன் நான் ஒருவன்தான்.